டீசல் தீர்ந்து நின்ற லாரியைக் கிளப்புவது எப்படி?

கேள்வி: உசிலம்பட்டியில் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறேன். எஃப்.ஐ. பம்ப் (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) உள்ள பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின். மதுரையிலிருந்து தேனிக்குச் சரக்கு ஏற்றிச் சென்றபோது, ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கேனில் 5 லிட்டர் வாங்கி ஊற்றி, பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. பிறகு மெக்கானிக் வந்து, டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துக் கிளப்பினார். இதை நானே செய்யலாமா? அடுத்து பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி வாங்க இருக்கிறேன். அதற்கும் இதே முறைதானா?

பதில்: இப்போதுள்ள வண்டியில் நீங்களே செய்யலாம். பிஎஸ்-6 வண்டியில் ஃபில்டர்வரை உள்ள வேலையை மட்டும் செய்யலாம். அதற்கு அப்பால் கைவைக்கக் கூடாது.

டேங்க் வறண்டவுடன் ஃபீட் பம்ப் டீசலுக்குப் பதிலாகக் காற்றை இழுத்து, ஃபில்டர், பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) பைப் எல்லாவற்றையும் காற்றால் நிரப்பிவிடுகிறது. டீசல் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். உங்கள் எஞ்சின் போன்றவற்றில் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பைப்பிலுள்ள காற்று சுருங்கி விரிந்துகொண்டிருக்குமே தவிர, அந்த அழுத்தம் எழாது. ஆகவே டேங்கில் டீசல் ஊற்றியதும் செல்ஃப் அடிப்பதில் பயனில்லை. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான் சூடாகிக் கெடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்திருக்கும். லாரி டேங்க் அகலமானது. டீசல் உறிஞ்சும் பைப்பின் வாய் அடித்தளத்தைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். ஏற்றத்தில் நிற்கும் வண்டியில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால், 5 லிட்டர் அந்த வாயை எட்டாமலே போயிருக்கலாம். குறைந்தது 20 லிட்டராவது ஊற்றுங்கள். கணவாய் போன்ற இடமென்றால் இன்னும் கூடுதலாக ஊற்றுங்கள். கேன் டீசலைத் துணியிலோ வலையிலோ வடிகட்டியே ஊற்ற வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்பே தெரியும்படி நிறுத்துங்கள். அந்தச் சாலையில் இது சடங்கல்ல.

ஏர் எடுப்பதை டேங்க் பக்கத்திலிருந்து எஞ்சின் நோக்கியே செய்ய வேண்டும். ஃபீட் பம்பிலுள்ள ஹேண்ட் பிரைமரின் (கையால் அடிக்கும் சிறு பம்பின்) தலையைத் திருகித் தளர்த்திக்கொண்டு, முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவை ஓரிரு சுற்று தளர்த்திப் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று தெளிவாக வரும்போது, அடித்துக்கொண்டிருக்கையிலேயே ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டரிலும், பின்னர் எஃப்.ஐ. பம்பிலுள்ள ஏர் ஸ்குரூவிலும் இதே வேலைதான். முடிந்ததும் பிரைமர் தலையை அழுத்தித் திருகி மூட மறக்கக் கூடாது. மறந்தால் அந்த வழியாகவே மறுபடி ஏர் பிடிக்கும்.

பல நேரம் இதற்கே எஞ்சின் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் இரண்டு மூன்று நாசில்களின் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் ஓடும் நிலையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். நட்டின் ஓரத்தில் டீசல் கசிந்து வந்ததும் இறுக்கிவிட்டு மறுபடி அடிக்கலாம். ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் இரண்டு நிமிடமாவது விடுங்கள். கைவிரலை நட்டருகே கொண்டுபோகாதீர்கள். சிந்திய டீசலைச் சூடான எக்ஸாஸ்ட் மேல் படாமல் துடைத்துவிடுங்கள். எஞ்சின் கிளம்பியதும் சிறிது நேரம் வெள்ளைப் புகையோடு தட்டித் தட்டி ஓடும். மிச்சக் காற்று வெளியேறியதும் சீராகும்.

சிலர் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடிப்பதை நம் பக்கத்துச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஏரை எடுக்காது. தீ பிடிக்க வைக்கவும், எஞ்சினை உடைக்கவும் போதுமானது. சரக்கோடு கட்டி இழுத்துக் கிளப்புவதும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் காற்று சேராது, ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

இனி பிஎஸ்-6. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த லாரிகளில் காமன் ரெயில் எஞ்சினே வழக்கம்; இதில் எல்லா இன்ஜெக்டருக்கும் (நாசிலுக்கும்) பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், டீசல் அழுத்தத்தோடு நிற்கும். ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அதன் பைப் நட்டைத் தளர்த்தினால் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்தியது போல மட்டுமே தெரிந்தாலும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அதனால் உயர் அழுத்தப் பைப்புகளை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பிரைமரை அது கெட்டியாகும்வரை அடித்து, வண்டியின் கையேடு சொல்லும் ஏர் ஸ்குரூவில் ஏர் எடுத்து, செல்ஃப் அடியுங்கள். ரெயிலில் போதுமான அழுத்தம் சேரும்வரை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்க விடாது என்பதால் கிளம்பச் சற்று நேரம் எடுக்கும். மூன்று நான்கு முறையில் கிளம்பாவிட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

என் கருத்தில், இந்த வண்டிகளில் டீசல் தீர விடுவதே பெரிய செலவு. உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். காற்றோடு ஓடினால் அது தேயும், தேய்ந்த உலோகத் துகள் இன்ஜெக்டர்வரை போகும். புது ஃபில்டரில் கேன் டீசலை நேராக ஊற்றி மாட்டும் பழக்கத்தையும் விடுங்கள், பிரைமரால் நிரப்புங்கள். இருட்டில் ஊற்றும்போது டிஇஎஃப் (புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) கேனையும் டீசல் கேனையும் மாற்றிவிடாதீர்கள். டிஇஎஃப் டீசல் டேங்கில் விழுந்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எந்த வண்டியானாலும், டேங்க் வறண்டபின் அடியிலிருந்த அழுக்கும் நீரும் ஃபில்டருக்கு வந்திருக்கும். அன்றே நீரை வடித்துவிட்டு, விரைவில் ஃபில்டரை மாற்றுங்கள். ஏர் எடுத்தபின்னும் சில கிலோமீட்டரில் வண்டி மறுபடி நின்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் தேடுங்கள். அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுவதால், ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாமல் காற்று மட்டும் உள்ளே போகும். ஹோஸ் கிளிப், வாஷர், ஃபில்டர் ரப்பர், பிரைமர் தலை ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள்.