வானத்திலிருந்து பார்த்தால் சிப்காட் தெரியுமா?

கேள்வி: விடியற்காலையில் சிப்காட் பக்கமிருந்து வரும் நாற்றத்தில் மூச்சு விட முடியவில்லை. பெருநகரங்களின் காற்று மாசைச் செயற்கைக்கோள் அளக்கிறதாமே, அதில் இது பதிவாகுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: பதிவாகாது. இந்த வேலைக்கு இப்போது அதிகம் பயன்படுவது, ஐரோப்பிய விண்வெளி முகமை 2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி. பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது நிறம் நிறமாகப் பிரிக்கிறது. உதாரணமாக, நைட்ரஜன் டை ஆக்சைடு நீல ஒளியின் சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும். எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து வாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடும், மெர்காப்டன்கள் என்ற கந்தகச் சேர்மங்களும் அந்தக் கருவி அளக்கும் வாயுக்களின் பட்டியலிலேயே இல்லை.

நேரமும் ஒத்துவராது. அந்தச் செயற்கைக்கோள் நம் ஊரைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். பெரும்பாலான நாட்களில் அதற்குள் கடல்காற்று எழுந்து எல்லாவற்றையும் மேற்கே தள்ளியிருக்கும். ஒரு பிக்ஸல் 5.5 கி.மீ.க்கு 3.5 கி.மீ. என்பதால், எந்த ஆலையிலிருந்து வந்தது என்றும் பிரிக்க முடியாது. நாற்றம் வந்த நேரம், காற்றின் திசை, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை நாள்தோறும் நோட்டில் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுங்கள். அதே நேரத்தில் வந்து காற்று மாதிரி எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட அதுதான் உதவும்.

கேள்வி: சென்னை, நெய்வேலி, புதுச்சேரி மூன்றின் நைட்ரஜன் டை ஆக்சைடை ஒப்பிடுகிறேன். ஒரு நாள் படம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, மறுநாள் எங்கும் சிவப்பு. எதை நம்புவது?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: ஒரு நாள் படத்தை நம்பாதீர்கள். ஓட்டைகள் பெரும்பாலும் மேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவை அதிகம்; ஜனவரி முதல் மார்ச் வரையிலான சராசரியை எடுங்கள். செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் என்ஜினில் மொத்த அளவைத் தேர்ந்தெடுக்காமல், வளிமண்டலத்தின் கீழடுக்கான ட்ரோபோஸ்பியருக்கு உரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். மொத்த அளவில் மேலடுக்கு வாயுவும் கலந்திருப்பதால் புதுச்சேரி மாதிரி சிறிய ஊர் அதில் மூழ்கிப்போகும். தரவுக் கோப்பை நேரடியாக இறக்கினால், ஒவ்வொரு பிக்ஸலும் எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் தர எண் 0.75-க்கு மேல் உள்ள பிக்ஸல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் என்ஜினில் இந்த வடிகட்டல் முன்பே செய்யப்பட்டிருக்கும்.

பலர் கோட்டை விடுவது எதிர்ம எண்களில். வாயு எப்படி பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று அவற்றை அழித்துவிடுகிறார்கள். அவை கருவியின் இரைச்சல், அதாவது அளவீட்டில் தானாக வரும் ஏற்ற இறக்கம். மேலே ஏறிய இரைச்சலை வைத்துக்கொண்டு கீழே இறங்கியதை மட்டும் நீக்கினால் சராசரி பொய்யாக உயர்ந்துவிடும். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சல்ஃபர் டை ஆக்சைடையும் பார்ப்பதாக இருந்தால் இரைச்சல் இன்னும் அதிகம். ஓராண்டுச் சராசரியாவது வேண்டும்.

கேள்வி: படத்தில் 0.0001 மோல் என்று வருகிறது. வாரியத்தின் மைக்ரோகிராம் கணக்குக்கு எப்படி மாற்றுவது?
– ஆசிரியை, நெல்லிக்குப்பம்

பதில்: படத்தில் வருவது ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு மோல் 46 கிராம், ஆகவே 0.0001 மோல் என்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்றுத் தூண் முழுவதிலும் 4.6 மில்லிகிராம் இருக்கிறது. அது 1,000 மீட்டர் உயரம் வரை சீராகக் கலந்திருந்தால் கன மீட்டருக்கு 4.6 மைக்ரோகிராம், 500 மீட்டருக்குள் அடங்கியிருந்தால் 9.2. கலக்கும் உயரம் காலையில் தாழ்ந்தும் நண்பகலில் உயர்ந்தும் இருக்கும். அந்த உயரத்தைப் படம் சொல்லாது. அதனால் வாரியத்தின் 24 மணி நேர வரம்பான 80 மைக்ரோகிராமோடு இதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அன்றைய காற்று எப்படி என்று அறிய, மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தைப் பாருங்கள்.