பெயிண்ட் டப்பா மாமரத்துக்கு ஒட்டுக் கட்டலாமா?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மல்கோவா தின்றுவிட்டு 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் ஊன்றிய கொட்டை, மூன்று வருஷத்தில் என் உயரத்துக்கு வந்துவிட்டது. பூவே காணோம். ஏற்காட்டுச் சித்தப்பா கமலா ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் குச்சியெல்லாம் வெட்டித் தருகிறேன் என்கிறார். எல்லாவற்றையும் இதிலேயே ஒட்டுக் கட்டலாமா? மரம் குட்டையாகவே நிற்குமா?"

சித்தப்பாவிடம் குச்சி வேண்டாம், பழமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மாவில் மாதான் ஒட்டும். ஆரஞ்சுக்கு எலுமிச்சை இனத்துச் செடி வேண்டும், பட்டர் ஃப்ரூட்டுக்கு அதன் கொட்டையில் முளைத்த கன்றே வேண்டும். அப்படிக் கட்டினாலும் ஏற்காடு 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. மலைக் குளிரில் பழகிய கமலாவை நம் மே மாத மொட்டைமாடியில் நிறுத்துவது பாவம்.

மாவுக்கு வருவோம். கொட்டைச் செடி தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. பூக்கவே ஆறேழு வருஷம் எடுக்கும். காய்த்த மரத்துக் குச்சியோ ஏற்கெனவே வயசுக்கு வந்தது. இளம் வேரில் ஏற்றினாலும் அந்த வயசு அதற்கு மறக்காது. சீக்கிரம் காய்ப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் ஒட்டுக் கட்டினாலே மரம் குட்டையாகிவிடும் என்பது தப்பு. தரையில் வைத்த ஒட்டுமா எவ்வளவு பெரிதாகிறது என்று நம் ஊர்த் தோப்புகளிலேயே பார்க்கலாம். குட்டையாக வைப்பது தொட்டியும் கத்தரியும், ஓரளவு ரகமும். மல்கோவா தாராளமாகக் காய்க்கிற ரகம் இல்லை. டிரம்மில் நாலு பழத்துக்கு ஏங்க வைக்கும். நானாக இருந்தால் வருஷம் தவறாமல் காய்க்கும் நீலம் கட்டுவேன். அல்லது தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி; இயல்பிலேயே அடக்கமான மரம்.

முதலில், வேர்மண் உடையாமல் செடியை 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. அடியில் துளைகள் அவசியம். ஜூன் மழைக்குப் பிறகு ஒன்றரை அடி உயரத்தில் தலையை வெட்டுங்கள். மனசு கேட்காது, வெட்டுங்கள். கிளம்பும் தளிர்களில் இரண்டை மட்டும் விடுங்கள். செம்பு நிறம் மாறிப் பச்சை ஏறும்போது கட்டலாம்.

குச்சி மூன்று நான்கு மாத வயசில், உங்கள் தளிரின் பருமனில் இருக்கட்டும். வெட்டுவதற்கு பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, காம்பை விட்டு இலைகளை நறுக்கிவிட்டால் நுனிமொட்டு உப்பி வரும். அடியை ஒன்றரை அங்குலத்துக்கு ஆப்பாகச் சீவி, பிளந்த தளிரில் செருகுங்கள். தோலுக்குக் கீழே உள்ள பச்சை அடுக்கு ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், ஒட்டுவது அதுதான். பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றி, மேலே ஐஸ் குச்சிப் பை ஒன்றைக் கவிழ்த்து, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். முதன்முதலில் நான் ஏப்ரலில் பத்து கட்டினேன், எட்டு கருகிவிட்டது. ஜூலை, ஆகஸ்ட் ஈரக்காற்று செய்கிற வேலையை எந்தக் கைத்திறமையும் செய்யாது. மூன்று நான்கு வாரத்தில் மொட்டு விரிந்தால் பையை எடுத்துவிடலாம்.

முதல் இரண்டு வருஷப் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளைக் கத்தரித்து ஐந்தடிக்குள் வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சுற்றுவேரை இரண்டு அங்குலம் சீவிப் புது மண் போடுங்கள். மேற்கு வெயில் படும் பக்கத்தில் டிரம்முக்கு ஈரச் சாக்கு சுற்றினால் வேர் வேகாது.

கட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அன்றே ஒடித்துவிடுங்கள். பார்க்கச் செழிப்பாக இருக்கும். அது உங்கள் பழைய கொட்டைச் செடிதான், மறுபடி தலையெடுக்கப் பார்க்கிறது.