குட்டி போட்ட பிறகு யோசிக்க வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய், பூனைக் கருத்தடை பற்றித்தான். அதனால் கிளி, மீன்தொட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனை ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை குட்டி போட்டிருக்கிறது, இந்தத் தடவை நான்கு. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று பக்கத்துக் கிளினிக்கில் விசாரித்தால், அவர்கள் சொன்ன தொகை எங்கள் வாடகையில் பாதி. ஊசி போட்டால் போதும், மலிவு என்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

ஊசி வேண்டவே வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலிவு என்கிற ஒரே காரணத்துக்காக நிறையப் பேர் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது ஹார்மோன் ஊசி. பருவத்துக்கு வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம், மடியில் கட்டி வரலாம். அப்புறம் அதே கர்ப்பப்பையை அவசர ஆபரேஷனில் எடுக்க வேண்டியிருக்கும், செலவும் ஏறும், பூனை பிழைக்குமா என்பதும் சந்தேகம்.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரே ஒரு கிளினிக்கில் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். உங்களுக்கு வேப்பேரி பக்கம்தானே, அங்கே 1903-லிருந்து இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், ஆபரேஷனுக்கு வேறொரு தேதி கொடுக்கலாம், ஆக உங்களுக்கு ஓரிரு நாள் வேலை கெடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பக்கத்தில், திரு.வி.க. நகரில் மாநகராட்சியே செல்லப்பிராணிகளுக்கு ஒரு சிகிச்சை மையம் நடத்துகிறது, அங்கேயும் விசாரியுங்கள். தனியாரிடமே போவதானாலும், சொன்ன தொகையில் மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, வலி மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தியா என்று கேளுங்கள். தெருவில் பூனை வைத்திருக்கும் மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து போய்க் கேட்டால் பல மருத்துவர்கள் குறைத்துக்கொள்கிறார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். குறைந்த கட்டணம் என்றால் கவனமும் குறைவாக இருக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள், ஆனால் தினமும் இதையே செய்யும் கைகளுக்கு நல்ல பழக்கம் இருக்கும், தையலும் சின்னதாகவே இருக்கும்.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும், ரொம்பப் பேருக்கு இது தெரிவதில்லை. ஆகவே குட்டிகள் பால் மறக்கும் வரை, அதாவது ஆறிலிருந்து எட்டு வாரம் வரை, தாயை வெளியே விடாதீர்கள், பாத்ரூம் ஜன்னல்கூட சாத்தியிருக்கட்டும். பால் மறந்ததும் ஆபரேஷன். அதே போல அந்த நான்கு குட்டிகளும் நாலைந்து மாசத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், அண்ணன் தங்கை என்ற முறையெல்லாம் பூனைக்குக் கிடையாது. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அந்த வயதில் கருத்தடை செய்கிறேன் என்று சொல்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள், அப்புறம் நாலு மாசம் கழித்து ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள்.

எங்களிடம் எட்டு மாத லாப்ரடார் பெண் நாய். ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாவம், உடம்புக்கும் கெடுதல் என்கிறார் என் மாமியார். உண்மையா?
- ஒரு வாசகி, வேளச்சேரி

உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. சொல்லப்போனால் தாமதிப்பதில்தான் ஆபத்து கூடுகிறது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், ஒவ்வொரு பருவம் தாண்டும்போதும் அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போகும். கர்ப்பப்பைச் சீழ் என்பது பல வருஷம் குட்டி போடாமலும் ஆபரேஷன் செய்யாமலும் விட்ட நாய்களுக்கு வரும் பெரிய நோய், கருத்தடையோடு அந்தக் கவலையும் போய்விடும். ஆனால் லாப்ரடார் பெரிய உடம்பு, எலும்பும் மூட்டும் வளர்ந்து முடிய நாளாகும், அதனால் சில மருத்துவர்கள் ஒரு வயது வரை பொறுக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பருவத்தில் இருக்கும்போது மட்டும் வேண்டாம், ரத்தப்போக்கு அதிகமாகும், முடிந்து இரண்டு மூன்று மாசம் விட்டுச் செய்யலாம்.

மாமியாரிடம் இதையும் கேளுங்கள்: ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போட்டால் யார் வளர்ப்பது? குட்டியாக இருக்கும்போது எடுத்துக்கொள்ள எல்லோரும் வருவார்கள். முப்பது கிலோவுக்கு வளர்ந்த பிறகு கைவிடப்பட்டு ஈசிஆர் ஓரத்தில் நிற்கும் லாப்ரடார்கள் எல்லாம் அப்படிப் போனவைதான். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எங்கள் தெருவில் பதினோரு நாய்கள். கார்ப்பரேஷன் வண்டி பிடித்துப்போகிறது, சில நாள் கழித்துக் காதில் வெட்டோடு அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தால் துரத்துகின்றன. ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டால் என்ன?
- ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

உங்கள் பயம் நியாயமானது, அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரேயடியாக ஒழிப்பதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. 1860-லேயே நாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது மாநகராட்சி, 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொன்றார்கள். நாய்கள் குறையவே இல்லை. குப்பையும் சோறும் இருக்கிற இடம் காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும், மிச்சமிருக்கும் நாய்களின் குட்டிகளும் போட்டி இல்லாமல் நன்றாகப் பிழைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துத்தான் ப்ளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு 1960-களிலிருந்தே கருத்தடை செய்யுங்கள் என்று சொல்லிவந்தது, 1996-ல் மாநகராட்சி ஒத்துக்கொண்டது, 2001-ல் அதுவே நாடு முழுக்க விதியானது. இப்போது நடப்பில் இருப்பது 2023 விதிகள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதும் அதில் உண்டு. காதில் இருக்கும் வெட்டு, அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம்.

அப்புறம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பீர்கள். 2018 கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் 57 ஆயிரத்துச் சொச்சம், 2024-ல் சுமார் 1.8 லட்சம். கருத்தடை தோற்றுவிட்டது என்று சிலர் இதை வைத்துச் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போதுமான அளவு செய்யவில்லை, அதுதான் விஷயம். பெண் நாய் 63 நாளில் ஈன்றுவிடும், வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். பதினொன்றில் நான்குக்கு மட்டும் செய்துவிட்டு ஆறு மாசம் கழித்து வண்டி வந்தால், அதற்குள் மிச்சமிருக்கும் பெண் நாய்கள் குறைந்ததை ஈடுகட்டிவிடும். ஒரு பகுதியில் 70 சதவீதமாவது, அதுவும் குறுகிய காலத்துக்குள், முடிக்க வேண்டும். உங்கள் தெருவுக்கு அது எட்டு நாய்.

ஆகவே போட்டோ எடுத்து ஒரு பட்டியல் போடுங்கள், எந்த நாய்க்குக் காதில் வெட்டு இல்லை என்று குறியுங்கள். தெருவில் சோறு வைக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரோடு சண்டை போடாமல் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் கூப்பிட்டால்தான் நாய் பக்கத்தில் வரும். பிறகு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எடுக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள். ஆறு மாசத்துக்குக் குறைந்த குட்டிகளையும், பால் குடிக்கும் குட்டிகள் உள்ள தாயையும் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அவற்றைக் குறித்துவைத்து அப்புறம் மறுபடி கூப்பிடுங்கள்.

துரத்துவது உடனே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை, துணைக்காக வரும் சண்டையும் குட்டியைக் காக்கும் கோபமும்தான் குறையும். அதுவரை பைக்கின் வேகத்தைக் குறையுங்கள், முறுக்கினால் இன்னும் துரத்தும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண் நாய்க்கு எதற்கு ஆபரேஷன்? குட்டி போடப்போவதில்லையே.
- ஒரு வாசகர், அம்பத்தூர்

உங்கள் வீட்டில் போடாது, நாலு தெரு தள்ளிப் போடும். கேட் திறந்திருக்கும் ஒரு ராத்திரி போதும். பெண்ணுக்குச் செய்வதைவிட இது சின்ன ஆபரேஷன், செலவும் குறைவு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம். ஒரு மாசம் வரை மட்டும் பெண் நாய் பக்கம் விடாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் விந்தால் அதற்குள்ளும் சினை பிடிக்கலாம்.

குட்டிகளை மார்க்கெட் பக்கம் விட்டால் யாராவது சோறு போட்டுக் காப்பாற்ற மாட்டார்களா?
- பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தாம்பரம்

மாட்டார்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் வரும், வண்டியில் அடிபடும், தப்பிப் பிழைத்தது அடுத்த வருஷம் அங்கேயே குட்டி போடும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எட்டு வாரம் தாயோடு விடுங்கள், பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் போடுங்கள், தடுப்பூசி போட்டிருந்தால் எடுத்துக்கொள்ள ஆள் சுலபமாகக் கிடைக்கும். நாட்டு நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்க உதவும் குழுக்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன, நல்ல வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை அவர்களுக்கு அனுப்புங்கள். தாய்க்கு இந்த மாசமே தேதி வாங்கிவிடுங்கள்.