பதில்: ‘தூதர்கள்’ ஓவியத்தின் அடியில் தெரியும் கறை

வணக்கம். நீங்கள் வாங்கிய ‘தூதர்கள்’ ஓவியப் பிரதியில், அதில் நிற்கும் தூதர்கள் இருவரின் காலடியில் சாய்வாகத் தெரியும் கறை அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது மண்டையோடு! தயவுசெய்து கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1533இல் ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் வேண்டுமென்றே அப்படி இழுத்து நீட்டி வரைந்தார். படத்தின் வலது ஓரத்துக்குப் போங்கள். கன்னம் கிட்டத்தட்ட சுவரைத் தொடும்படி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கறையைப் பாருங்கள். நீட்சி ஒடுங்கி மண்டையோடு திரண்டு வரும். அந்தக் கோணத்தில் தூதர்கள் இருவரும் உருக்குலைந்துபோவார்கள். அவர்களுக்கு வயது 29, 25தான்.

படத்தில் உள்ள லூட் என்ற நரம்பு வாத்தியத்தில் நரம்பு ஒன்று அறுந்திருப்பதையும் தேடுங்கள். என்னை அதிகம் உலுக்குவது அதுதான். இடதுபக்கத்தவரின் தொப்பிப் பதக்கத்திலும் சிறு மண்டையோடு உண்டு. பிரதியில் தெரியாவிட்டால், லண்டன் நேஷனல் கேலரி இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.