அப்பாவை எழுப்பலாமா?

கேள்வி: 78 வயது அப்பா நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டில் தானாக நடந்தவர். நர்ஸ் தினமும் நாற்காலியில் உட்கார வைக்கிறார். "விழுந்துடுவார், படுத்தே இருக்கட்டும்" என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நர்ஸ் சொல்வதைத்தான். முதியோர் வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தார்கள். காய்ச்சல்காரருக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சட்டென்று எழுப்பி நிற்க வைக்காதீர்கள். படுத்தவர் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டலாம். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரட்டும். பாதம் தரையில் முழுதாகப் பதியும்படி கட்டிலை இறக்கச் சொல்லுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, தோள் பிசகிவிடும். "கையை ஊன்றி எழுந்திருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தலை சுற்றினால் திரும்ப உட்கார வைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மூக்குக் கண்ணாடி, காது மெஷின், வழுக்காத செருப்பு மூன்றும் வார்டில் இருக்கட்டும். இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலே வரும்! சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள்; ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடுவது பல நேரம் அதுதான். சவரம், பல் துலக்குவதெல்லாம் அவரே செய்யட்டும். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.