எட்டு மாதக் காரைக் கொடுத்துவிட்டு லோனில் பெரிய வண்டி எடுக்கலாமா?

இப்போது மாற்றாதீர்கள். சின்ன காரை எக்ஸ்சேஞ்சில் விட்டு ஏழு பேர் வண்டி எடுத்தால் "தவணை நாலாயிரம்தான் கூடும்" என்று காரைக்குடி ஷோரூமில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அனேகமாகப் பழைய பாக்கியையும் புதுக் கடனில் சேர்த்து, 5 ஆண்டை 7 ஆக இழுத்திருப்பார்கள்.

இப்போதைய காருக்கு நீங்கள் சொன்ன 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். முதல் தவணையில் 6,000 வட்டிக்கே போயிருக்கும். எட்டுத் தவணை கட்டியும் அசலில் 87 ஆயிரம் போலத்தான் குறைந்திருக்கும். காரின் விலை அதைவிட வேகமாக இறங்கியிருக்கும். புது வண்டிக்குச் சாலை வரி வேறு முதலிலிருந்து.

வங்கியில், இன்றைக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்று கட்டணத்தோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். அப்புறம் மதுரையில் பழைய கார் எடுக்கும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். புது வண்டிப் பேச்சையே எடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே விழும் துண்டுதான் உங்கள் நஷ்டம்.

பிள்ளையார்பட்டிக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும்தான் இடம் போதவில்லை என்றால், அன்றைக்கு மட்டும் இன்னோவா வாடகைக்கு எடுப்பது மலிவு. ஆயாவைச் சக்கர நாற்காலியோடு வாரா வாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் சரி, மாற்றலாம். அப்போதும் அந்தத் துண்டை ரொக்கமாகக் கட்டுங்கள், புது லோனில் ஏற்றவேண்டாம்.