20 ஜிபி எங்கே போகிறது? லினக்ஸில் ப்ரோக்ராம் வாரியாக டேட்டா கணக்கு

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். உபுண்டு லேப்டாப், எல்டிஇ ரௌட்டர், ப்ரீபெய்டு சிம். மாலையில் ஜூமில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மாதம் முழுக்க வர வேண்டிய 20 ஜிபி பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. எந்த ப்ரோக்ராம் தின்கிறது என்று டெர்மினலிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ப்ரோக்ராமைத் தேடும் முன், தின்பது லேப்டாப்தானா என்று பார்த்துவிடுங்கள். அதே ரௌட்டரில் வீட்டு ஃபோன்களும் டிவியும் இருக்கின்றனவே. (கீழே வரும் கமாண்டுகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.)

இதற்கு, லேப்டாப் வழியே போகும் மொத்த டேட்டாவை எண்ணி வைக்கும் விஎன்ஸ்டாட் போதும். சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎன்ஸ்டாட் என்று கொடுத்தால் பின்னணியில் தானே ஓடத் தொடங்கும். நிறுவிய நொடியிலிருந்துதான் எண்ணும், பழைய கணக்கு கிடைக்காது. ஓரிரு நாள் விட்டு, விஎன்ஸ்டாட் என்று தட்டி, இடம் விட்டு, கோடு (மைனஸ் குறி) போட்டு 'ஹெச்' சேர்த்தால் மணிவாரிக் கணக்கு வரும். மணிவாரி விவரத்தை அது வழக்கமாக நான்கு நாள்தான் வைத்திருக்கும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

எதனோடு ஒப்பிடுவது? டேட்டா 50, 80, 100 சதவீதம் தீரும்போது நிறுவனம் செய்தி அனுப்பியே ஆக வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசா 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. உங்கள் சிம் ரௌட்டருக்குள் இருப்பதால், அந்த எஸ்எம்எஸ்கள் ரௌட்டரின் செட்டிங் பக்கத்து இன்பாக்ஸில் படிக்காமல் கிடக்கும். அவற்றின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 50-க்கும் 80-க்கும் இடையே போனது 6 ஜிபி. அதே இடைவெளியில் விஎன்ஸ்டாட் 2 ஜிபிதான் காட்டுகிறது என்றால் மீதி 4 ஜிபி வேறு கருவிகளில் போயிருக்கிறது. லேப்டாப்பைக் குடைந்து பயனில்லை. விஎன்ஸ்டாட்டின் ஜிபி 1024 அடிப்படையில் வருவது. நிறுவனம் 1000 அடிப்படையில் எண்ணினால் ஏழு சதவீதம் வரை வித்தியாசம் வரும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

லேப்டாப்தான் என்று உறுதியானால் அடுத்தது நெட்ஹாக்ஸ். இதையும் ஏபிடி வழியாகவே நிறுவலாம். நெட்வொர்க் கார்டில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (டேட்டாவின் சிறு துண்டு) பார்த்து, அது எந்த ப்ரோக்ராம் திறந்த இணைப்பு என்று, ஓடும் ப்ரோக்ராம்களின் விவரம் இருக்கும் கெர்னலின் ப்ராக் அடைவில் தேடிப் பொருத்துவதுதான் இதன் வேலை. பாக்கெட்டைப் பிடிக்கவும் அடுத்தவரின் ப்ராசஸைப் பார்க்கவும் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும், அதனால் சூடோ இல்லாமல் ஓடாது. ஐபி ரூட் கெட் 1.1.1.1 என்று கேட்டால் (இந்த ரூட், பாதை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) 'டெவ்' என்ற சொல்லுக்குப் பின் உங்கள் வைஃபை கார்டின் பெயர் வரும். அந்தப் பெயரை நெட்ஹாக்ஸுக்குப் பின்னால் கொடுங்கள்.

திரையில் ஒவ்வொரு வரியும் ஒரு ப்ரோக்ராம். அனுப்பியது, பெற்றது என இரண்டு எண்கள். முதலில் தெரிவது வேகம், வினாடிக்கு எத்தனை கிலோபைட் என்று. 100 என்று நிலையாக நின்றால் மணிக்கு 360 எம்பி போகிறது என்று பொருள். 'எம்' விசையைத் தட்டினால் மொத்த அளவுக்கு மாறும். உங்களுக்கு வேண்டியது இதுதான், வேகம் கண் சிமிட்டும் நேரத்தில் மாறிவிடும். 'ஆர்' தட்டினால் அதிகம் பெற்றது மேலே வரும், 'க்யூ' தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

வரியில் தெரியும் ப்ரோக்ராம் பாதையின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஏபிடி, மெத்தட்ஸ், ஹெச்டிடிபி என்று முடிந்தால் அது உபுண்டுவின் தானியங்கி அப்டேட். ஸ்னாப்டி என்று முடிந்தால் ஸ்னாப் பொதிகளை (உபுண்டுவின் இன்னொரு வகை மென்பொருள் பொதிகள்) புதுப்பிக்கிறது, 22.04 பதிப்பு முதல் உபுண்டுவோடு வரும் ஃபயர்பாக்ஸே ஒரு ஸ்னாப்தான், ஒவ்வொரு முறையும் நல்ல எடையோடு இறங்கும்.

நீங்கள் பார்க்காத நேரத்தில் நடப்பதைப் பிடிக்க ட்ரேஸ் முறை இருக்கிறது. சூடோ நெட்ஹாக்ஸ் என்று எழுதி, கோடு போட்டு ட்ரேஸின் முதல் எழுத்து, அடுத்து கோடு போட்டு 'வி', இடம் விட்டு 3, பிறகு கார்டின் பெயர், பிறகு 'பெரியது' குறி, கடைசியில் ஒரு ஃபைலின் பெயர். எண் 3 என்பது மொத்தத்தை எம்பியில் காட்டச் சொல்வது. வகுப்பு தொடங்கும் முன் ஓட்டிவிட்டு, முடிந்ததும் கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தி, ஃபைலின் கடைசித் தொகுதியைப் படியுங்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். டேட்டா பயணிக்க டிசிபி, யுடிபி என இரண்டு முறைகள் உண்டு. நெட்ஹாக்ஸ் இயல்பாக டிசிபி இணைப்புகளை மட்டுமே எண்ணும். ஜூம் வீடியோ பெரும்பாலும் யுடிபியில் போகிறது. யூடியூப், கூகுள் சேவைகளும் பிரௌசரில் க்விக் என்ற முறையில் யுடிபியிலேயே ஓடுகின்றன. அதனால் ஒரு மணி நேர வகுப்பில் விஎன்ஸ்டாட் 500 எம்பி காட்டும்போது நெட்ஹாக்ஸ் ஜூமுக்கு நேராக 15 எம்பி மட்டும் காட்டலாம். அதைப் பார்த்து ஜூமை விட்டுவிட்டு வேறு ப்ரோக்ராமைச் சந்தேகித்தால் தேடல் திசைமாறிவிடும். இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தாலே யுடிபி என்று சந்தேகப்படுங்கள்.

புதிய பதிப்புகளில் கோடு போட்டுப் பெரிய எழுத்து 'சி' சேர்த்தால் யுடிபியும் கணக்கில் வரும். உங்கள் பதிப்பில் உண்டா என்று கோடு-ஹெச் கொடுத்து உதவிப் பட்டியலில் பாருங்கள். இல்லையென்றால், ஃபயர்பாக்ஸின் அபௌட்-கான்ஃபிக் பக்கத்தில் ஹெச்டிடிபி3 எனேபிள் என்ற அமைப்பைத் தற்காலிகமாக அணைத்துவிட்டால் பிரௌசர் டிசிபிக்குத் திரும்பும், அப்போது அதன் உண்மையான பங்கு தெரியும். ஜூமுக்கு வேறு வழி: மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு வகுப்பு எடுங்கள், அந்த மணிக்கு விஎன்ஸ்டாட் காட்டுவதுதான் ஜூமின் கணக்கு.

விபிஎன் போட்டிருந்தால் வைஃபை கார்டில் விபிஎன் மட்டுமே தெரியலாம், அல்லது எதுவுமே தெரியாமல் போகலாம். விபிஎன்னின் சுரங்கக் கார்டை (விபிஎன் தானே உருவாக்கும் மென்பொருள் கார்டு) கொடுத்துப் பாருங்கள். இரண்டு கார்டின் எண்களையும் கூட்டாதீர்கள், ஒரே பைட்டை இருமுறை எண்ணியதாகிவிடும்.

தின்பது ஜூம் என்றால் ஹெச்டி வீடியோவை அணைப்பதே பெரிய மிச்சம். தின்பது அப்டேட் என்றால் அதை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். உங்கள் பண்டிலில் இரவு டேட்டா தனியாக இருந்தால், சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம் என்பதோடு ரிஃப்ரெஷ், புள்ளி, டைமர், சமக்குறி, 00:30-04:30 என்று இடம் விடாமல் கொடுங்கள். இரவு டேட்டா எத்தனை மணிவரை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதற்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏபிடி பக்கம் கொஞ்சம் கவனம் தேவை. சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து ஏபிடி-டெய்லி டைமரைத் திறந்து, டைமர் பிரிவின் கீழ் ஆன்காலண்டர், சமக்குறி என்று மட்டும் ஒரு வெறும் வரி எழுதி, அடுத்த வரியில் ஆன்காலண்டர், சமக்குறி, 01:00 என்று எழுதுங்கள். இங்கே மட்டும் பிரிவு, அமைப்புகளின் பெயர்களைப் பழைய வரிகளில் உள்ளபடியே, பெரிய எழுத்துகளோடு எழுத வேண்டும். வெறும் வரி இல்லாவிட்டால் பழைய 6 மணி, 18 மணியும் அப்படியே இருக்கும். ரேண்டமைஸ்டு டிலே 12 மணி நேரமாக இருக்கும். அதை 30 நிமிடமாக்காவிட்டால் 01:00 என்று எழுதியும் பகல் ஒரு மணிவரை எப்போது வேண்டுமானாலும் ஓடும். பெர்சிஸ்டன்ட் என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரவில் லேப்டாப் அணைந்திருந்த மறுநாள், காலையில் திறந்ததுமே விட்டுப்போன அப்டேட்டை உங்கள் பகல் டேட்டாவில் இறக்கத் தொடங்கிவிடும்.